ஓடும் தேருக்கு எத்தனை முழம்

பல தலைமுறைகளுக்கு முன்னே பொன்னுழை நாட்டைக் கடுமான்கோ என்றோர் அரசன் ஆண்டான். காலையில் பரிசு கொடுப்பான், மாலையில் அதே வாயால் தண்டனை கொடுப்பான். அவன் குதிரைகள் முரசின் ஓசையையே துரத்திப் பிடிக்கப் பார்க்கும். அந்த ஓசை நிற்பவனுக்கும் ஓடுபவனுக்கும் ஒரே வேகத்தில்தான் வரும்; அது காதில் விழும் கணம்தான் அந்த நாட்டில் ‘இப்போது’.

புதுத் தேரின் வெள்ளோட்டத்தன்று வீதி அதிகாரி மாறநம்பி இரண்டு ஆட்களையும் அவர்களுக்குச் சரிநடுவே ஒரு முரசையும் தெருவில் நிறுத்தினார். முரசு கேட்டதும் தேரின் முன்முனைக்கும் பின்முனைக்கும் நேரே அவர்கள் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள்.

“மன்னா, தேர் நிற்கையில் இருபது முழம், ஓடுகையில் பதினெட்டு. தச்சன் பச்சை மரத்தைப் போட்டிருக்கிறான். நாளைக்குத் தேரோடு தாங்களும் நசுங்குவீர்கள்” என்றார் மாறநம்பி.

அரசன் தன் தொந்தியைத் தடவிப் பார்த்தான். “தச்சன் கையை வெட்டுங்கள்.”

தச்சன் கொற்றன் அரசனின் காலில் விழுந்தான். மந்திரி நன்முல்லைக்கு நாலு பேர் பார்த்தாலே நா உலர்ந்துவிடும். இன்று பேசாவிட்டால் அந்தக் கை போய்விடுமே என்று எழுந்து, தரையைப் பார்த்தபடி மாறநம்பியிடம் கேட்டாள்.

“ஐயா, வீதியில் நீங்கள் நட்ட இரண்டு தூண்களுக்கு நடுவே எவ்வளவு?”

“இருபது முழம். நூலளவும் பிசகாது.”

“ஓடும் தேரிலிருந்து அளந்து காட்டுங்களேன்.”

மாறநம்பி தேரில் ஏறினார்; அதன் நடுவே இன்னொரு முரசும் ஏறியது. அது கேட்டதும் தேரிலிருந்த ஆட்கள் தூண்களுக்கு நேரே பக்கப் பலகையில் கோடு போட்டார்கள். தெருவாட்களும் தங்கள் முரசுக்குப் பழையபடி கோடு போட்டார்கள். தேர் நின்றதும் மாறநம்பி பலகையை அளந்தார். மறுபடியும் அளந்தார்.

“பதினெட்டு” என்று முனகினார்.

“வீதியும் சுருங்கிவிட்டது மன்னா” என்றாள் நன்முல்லை. “அதைப் போட்ட கை எது?”

மாறநம்பி கையை மேலாடைக்குள் ஒளித்துக்கொண்டார். கூட்டம் சிரித்தது.

“ஐயா, தெருவாட்கள் கோடு போட்டதைத் தேரிலிருந்து பார்த்தீர்களே, எப்படிப் போட்டார்கள்?”

“முன்கோடு முதலில் விழுந்தது. பின்கோடு தாமதம். அதற்குள் தேர் முன்னே நகர்ந்து, கோடுகள் நெருங்கிவிட்டன.”

“தெருவாட்களோ ஒரே கணத்தில் போட்டோம் என்கிறார்கள்.”

“யார் பொய் சொல்வது?” என்றான் அரசன்.

“யாருமில்லை மன்னா. ஓடும் பொருளை அளக்க, இரு முனையையும் ஒரே கணத்தில் குறிக்க வேண்டும். தேரிலிருந்து பார்த்தால் முன்கோட்டுக்காரன் ஓசையை எதிர்கொண்டு வருகிறான், பின்கோட்டுக்காரன் அதைவிட்டு விலகிப் போகிறான். தெருவுக்கு ஒரே கணம், தேருக்கு ஒரே கணமில்லை. அதனால் இரண்டு அளவும் மெய். மரமும் நசுங்கவில்லை, வீதிக் கல்லும் நசுங்கவில்லை.”

அரசன் தன் கடகத்தைக் கழற்றிக் கொற்றனின் கையில் தானே மாட்டினான். மாறநம்பி அன்றிலிருந்து தெரு முரசைச் சுமந்தார்.

“நன்முல்லை, ஓடும்போது என் தொந்தியும் தெருவிலிருந்து பார்த்தால் ஒடுங்குமா?”

“ஒடுங்கும் மன்னா. நின்றால் திரும்பிவிடும்.”

“அப்படியானால் அரசியின் மாடத்தருகே தேரை நிறுத்தவே கூடாது” என்று சொல்லிவிட்டு அரசன் ஏறி உட்கார்ந்தான்.