சென்னியப்பனின் வலது கால்

செம்மறிக் கரடுங்கற குன்னு மேல இருக்கற மடத்துல குருவுக்கு வயசு நாப்பது, சீடருக்கு அம்பத்தேழு. சீடர் குருவை "அம்மா"ம்பார். குரு சீடரை "அண்ணா"ம்பாங்க. புதுசா வர்றவங்க, இதுல யாரு யாருக்குச் சொல்லித் தர்றாங்கன்னு தெரியாம முழிப்பாங்க. நான் அந்த மடத்துச் சமையல்காரன், பொன்னுரங்கம். எனக்கு ரெண்டு பேரும் ஒண்ணுதான். ரெண்டு பேருமே சோறு சூடா இருக்கறப்ப வர மாட்டாங்க.

சீடர் பேரு சென்னியப்பன். மடத்துக்கு வர்றதுக்கு முன்னாடி தனியார் பஸ் ஓட்டினவர். தனியார் பஸ்னா தெரியுமில்லீங்களா? முன்னாடி போற பஸ்சை முந்தினா அடுத்த ஸ்டாப்புல நிக்கற ஜனம் நம்மளுது. முந்தலைன்னா காலி சீட்டை ஏத்திட்டுப் போகணும். அந்தப் பொழப்புலயே அவர் வலது கால் பழகிருச்சு. மனுஷன் பஸ்சை விட்டுட்டு வந்துட்டார், கால் விடலை.

மடத்து பிக்கப் வண்டியில காய் வாங்கப் போனாலும், முன்னாடி எது போனாலும் முந்தியாகணும். மாட்டு வண்டியானாலும் சரி. பழைய பஸ்சுல கழட்டின ஏர் ஹாரன் ஒண்ணை வேற மாட்டி வெச்சிருந்தார். கீழ் ரோட்டுல அவர் அதை அடிச்சா, கரட்டு மேல என் கையில இருக்கற கரண்டி துள்ளும். வாரத்துக்குன்னு ரொப்பற டீசல் வாரத்துல பாதி கூட வந்ததில்லை.

அவர் மக கோகிலவாணி கல்யாணத்தப்ப நடந்தது ஊருக்கே தெரியும். மாப்பிள்ளையையும் அவர் வீட்டு ஒறம்பரை ஜனத்தையும் ஏத்திட்டு வந்தவர், எவனையோ முந்தப் போய், டீசல் தீர்ந்து நடுக்காட்டுல நின்னுட்டார். மாப்பிள்ளை கடைசியில வைக்கோல் டிராக்டர்ல வந்து எறங்கினார். இன்னைக்கும் அந்தப் புள்ளை போன் பண்ணினா மொதல் கேள்வி, "அப்பா, எங்க நின்னுட்டு இருக்கீங்க?" அவரும் சிரிச்சுக்குவார். ஆனா போனை வெச்சதுக்கப்பறம் அந்த மூஞ்சியைப் பார்த்திருக்கணும் நீங்க. பாவமா இருக்கும்.

தைப்பூசத்துக்கு மொத நாள். பழனிக்கு நடந்து போறவங்களுக்கு ரோட்டோரப் பந்தல்ல வருஷா வருஷம் மடத்துச் சாப்பாடு. தண்ணியும் அடுப்பும் கரட்டு மேல இருக்கறதால, சமைச்சு வண்டியில எறக்கிக் கொண்டு போகணும். அன்னைக்குக் காலையில கோகிலவாணி போன் பண்ணிச்சு.

"அப்பா, நானும் காவடிக் கூட்டத்தோட நடக்கறேன். மத்தியானம் உங்க பந்தல்லதான் சாப்பாடு. எங்க ஆளுங்ககிட்ட எல்லாம் எங்கப்பா கொண்டு வருவார்னு சொல்லிட்டேன். நின்னுராதீங்கப்பா."

"வந்துருவேன் கண்ணு" அப்படின்னுட்டு வண்டியில சாவியைப் போட்டார். டீசல் முள்ளு சிவப்புல படுத்துக் கிடந்துச்சு.

அவர் நேரா அம்மாகிட்டப் போனார். அம்மா வாழை இலை தொடைச்சுட்டு இருந்தாங்க.

"அம்மா, எனக்கு ஒரு சந்தேகமுங்க."

"சொல்லுங்கண்ணா."

"எல்லா வண்டியும் இதே டீசலைத்தான் குடிக்குது. எல்லாத்துக்கும் பத்துது. எனக்கு மட்டும் ஏனுங்க பத்தறதில்லை?"

அம்மா இலையைக் கீழ வெச்சுட்டு எந்திரிச்சு வந்தாங்க. உறுமிட்டு நின்ன வண்டியில கையை விட்டுச் சாவியைத் திருப்பினாங்க. வண்டி அடங்குச்சு.

"சூடாகட்டும்னு விட்டிருந்தேனுங்க."

"சாம்பார் அண்டா இன்னும் அடுப்பை விட்டே எறங்கலைங்கண்ணா. வண்டி யாருக்காகச் சூடாகுது?"

அப்பறம் வண்டிப் பின்னாடி ஏறினாங்க. ரெண்டு மணல் மூட்டை, ஒரு பழைய பஸ் சீட்டு, உடைஞ்ச ஸ்பிரிங் பட்டை, இரும்பு பெஞ்சு, எந்தக் காலத்துலயோ கட்டின பந்தலோட கம்பி.

"இதெல்லாம் எதுக்குங்கண்ணா?"

"எதுக்காவது ஆகுமுங்க."

"இதுவரைக்கும் எதுக்காச்சும் ஆயிருக்குங்களா?"

சென்னியப்பன் ஒவ்வொண்ணா எறக்கினார். அதுக்கப்பறம் அம்மா டயரைக் காலால ஒரு தட்டுத் தட்டிட்டு, காத்தடிக்கிற பம்பை எடுத்து அவர் கையில குடுத்துட்டு, இலை தொடைக்கப் போயிட்டாங்க. நாலு டயருக்கும் மிதிச்சு முடிக்கறதுக்குள்ள மனுஷன் நாய்க்குட்டியாட்டம் மூச்சு வாங்கினார். எனக்குச் சிரிப்புத் தாங்கலை. வெளிய காட்டிக்கலை, சாம்பாரைக் கிண்டற மாதிரி திரும்பிக்கிட்டேன்.

சோத்தையும் சாம்பார் அண்டாவையும் ஏத்திட்டுக் கிளம்பினோம். ஜன்னலோரம் அம்மா, நடுவுல நான். என் முட்டியில கியர் இடிக்குது.

கரட்டுல எறங்க ஆரம்பிச்சதும் சென்னியப்பன் கை நியூட்ரலுக்குப் போச்சு. டிரைவருங்க எல்லாருக்கும் இது ஒரு ரகசிய லாபம். எறக்கத்துல நியூட்ரல்ல விட்டா ஓசியில ஓடுதுன்னு நெனப்பு.

அம்மா, "கியர்லயே இருக்கட்டுங்கண்ணா" அப்படின்னாங்க.

"நியூட்ரல்ல விட்டா டீசல் மிச்சமுங்கம்மா."

"நியூட்ரல்ல விட்டா இஞ்சின் நிக்காம இருக்கறதுக்கு டீசல் குடிக்கும். கியர்ல இருந்தா சக்கரமே இஞ்சினைச் சுத்தும். பிரேக்கும் தப்பிக்கும். நீங்க காலை மட்டும் எடுத்துக்குங்க."

"எடுத்து எங்கீங்க வெக்கறது?"

"சும்மா வெச்சுக்குங்க."

மனுஷனுக்கு அதுதான் வரலை. கால் காத்துல நடுங்குது. சும்மா இருக்கற காலைப் பார்க்கறது எனக்கே புதுசா இருந்துச்சு. வண்டி தன்னால பிடிச்சுப் பிடிச்சு எறங்குச்சு. அண்டா மூடி கூட ஆடலை.

அடிவாரத்து பங்க்ல போர்டு தொங்குச்சு: டீசல் இல்லை. லோடு வண்டி கூட்டத்துல மாட்டிக்கிச்சாம், சாயங்காலம்தான் வருமாம். அடுத்த பங்க் பந்தலைத் தாண்டி. பூசம் வர்ற நாள்ல வேற வண்டிக்கு எங்க போறது?

சென்னியப்பன் ஸ்டீயரிங்ல நெத்தியை வெச்சுட்டார்.

"போச்சுங்கம்மா. என் காலுக்குப் பாதி வழிதான் வரும். டீசல் தீர்ந்து பைப்புல காத்து ஏறிருச்சுன்னா, அப்பறம் ஊத்தினாலும் வண்டி எடுக்காது. எம் புள்ளை அங்க அத்தனை பேர் முன்னாடி..."

முடிக்க முடியலை அவரால. முருகா, இன்னைக்கு மட்டுமாவது இந்த மனுஷனைக் கொண்டு போய்ச் சேர்த்துருன்னு மனசுக்குள்ள கும்பிட்டேன்.

அம்மா எறங்கிப் போய், ஏர் ஹாரன் வயரை வெடுக்குனு புடுங்கி என் மடியில போட்டாங்க.

"அம்மா! ஏர் ஹாரனா டீசலைக் குடிக்குது?"

"ஹாரன் குடிக்கறதில்லீங்கண்ணா. அதை அடிச்ச கைக்குப் பின்னாடியே ஒரு கால் எறங்குதில்லீங்களா? அது குடிக்குது. ஆபத்துக்கு வண்டியோட சொந்த ஹாரன் இருக்குது. கிளம்புங்க."

சொந்த ஹாரன் கோழிக்குஞ்சாட்டம் கத்தும். அதை அடிக்கறதுக்கு அவருக்குக் கூச்சம். அதனால அடிக்கவே இல்லை. அடிக்காதவன் என்ன பண்ணுவான்? தூரத்துல பார்ப்பான். நடந்து போற கூட்டம் தெரிஞ்சா அங்கிருந்தே காலை எடுத்துட்டார். பிரேக்குக்கு வேலையே இல்லை. இஞ்சின் கத்தறதுக்கு முன்னாடியே கியரை மாத்தினார். வண்டி ஒரே சத்தத்துல போச்சு. காவடிக்காரங்க திரும்பிப் பார்த்து, "அரோகரா"ன்னு கையைத் தூக்கினாங்க. இதுவரைக்கும் இவர் வண்டியைப் பார்த்துக் கையைத் தூக்கினவங்க எல்லாம் திட்டறதுக்குத்தான் தூக்கியிருக்காங்க.

அப்பத்தான் வந்துச்சு சனியன். பின்னாடி இருந்து ஒரு நீலக்கலர் தனியார் பஸ். ஒரசற மாதிரி முந்திச்சு. டிரைவர் இவருக்குப் பழைய சிநேகிதம் போல, ஜன்னல்ல கையை நீட்டி "வா பாக்கலாம்"னு ஆட்டிட்டுப் போனான்.

சென்னியப்பன் கழுத்து நரம்பு பொடைச்சுது. கால் எறங்குச்சு. வண்டி உறுமுச்சு.

"அண்ணா" அப்படின்னாங்க அம்மா. "அந்த பஸ்சுல நம்ம சாம்பார் இருக்குதுங்களா?"

"இல்லீங்கம்மா."

"நம்ம பந்தல்ல சாப்பிடறவங்க யாராச்சும் இருக்காங்களா?"

"இல்லீங்கம்மா."

"அப்ப அது எங்கயோ போகுதுங்க."

ரொம்ப நேரம் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடிச்சிருந்தார். அப்பறம் கால் மெதுவா மேல வந்துச்சு. "இந்தக் காலை வெட்டிப் போடலாம்னு இருக்குதுங்கம்மா" அப்படின்னார். "வேண்டாமுங்க, மலை ஏறறதுக்கு ஆகும்" அப்படின்னாங்க அம்மா.

நாலு பனை தாண்டினதும் தூரத்துல ரயில்வே கேட் மூடியிருக்கறது தெரிஞ்சுது. நீல பஸ் கேட்டுக்கு முன்னாடி நின்னு உறுமிட்டு இருந்துச்சு. சென்னியப்பன் அங்கிருந்தே காலை எடுத்துட்டார். வண்டி உருண்டுச்சு, உருண்டுச்சு. ரயில் போச்சு. கேட் தூக்கினான். பஸ் கரும்புகையைக் கக்கிட்டுக் கிளம்ப, நாங்க நிக்காமயே அது பின்னாடி தண்டவாளத்தைத் தாண்டினோம்.

"அடங்கொக்கமக்கா!" அப்படின்னார் சென்னியப்பன். "அவ்வளவு வெசையா வந்தவனும் இங்கதான் இருக்கான், உருண்டு வந்த நானும் இங்கதான் இருக்கேன்!" சத்தமா சிரிச்சார். நானும் சிரிச்சேன். அம்மா ஜன்னல் வழியா வேடிக்கை பார்த்துட்டு வந்தாங்க.

முள்ளைப் பார்க்கற தைரியம் எனக்கு இல்லை. ஒவ்வொரு மைல்கல்லுக்கும் சட்டைப்பையில இருந்த திருநீறை எடுத்துப் பூசிக்கிட்டே வந்தேன். பந்தல் தெரிஞ்சப்ப என் நெத்தி முழுக்க வெள்ளை.

ஜனம் ஏற்கனவே இலை போட்டு உக்காந்திருந்துச்சு. வரிசைக் கடைசியில மஞ்சச் சீலையில கோகிலவாணி, பாதமெல்லாம் தூசி. அப்பனைப் பார்த்ததும் பக்கத்துல இருந்தவங்களை இடிச்சு, "வந்துட்டார் பாருங்க" அப்படின்னுச்சு. குரல்ல ஒரு பெருமை. நானே நிமிர்ந்து நின்னுட்டேன்.

சோறு போட்டதும் சென்னியப்பன் சாம்பார் வாளியை எடுத்தார். அவர் பரிமாறினா மொத நாலு இலையில குளம் வெட்டிருவார், கடைசி ஆளுக்கு வாளியைச் சொரண்டற சத்தந்தான் மிஞ்சும். அதனாலயே நான் வாளியைக் குடுக்கறதில்லை. போதாக்குறைக்கு மக கடைசியில உக்காந்திருக்குது. எல்லாரையும் தாண்டி அங்க ஓடுவார்னு நெனச்சேன்.

ஓடலை. மொத இலையில குனிஞ்சார். ஒரு கரண்டி. "போதுங்களா?" அடுத்த இலை. ஒரு கரண்டி. ஒரு ஆளையும் தாண்டலை. கோகிலவாணி வெச்ச கண்ணு வாங்காம அப்பனையே பார்த்துட்டு இருந்துச்சு. கடைசியா அதுகிட்ட வந்து நின்னார்.

"இருக்குதாப்பா? இல்லை, தீர்ந்துருச்சா?"

வாளியைச் சாய்ச்சுக் காட்டினார். "இருக்குது கண்ணு. உனக்கும் இருக்குது, இன்னொரு பந்திக்கும் இருக்குது."

அந்தப் புள்ளை ஒரு வாய் சாப்பிட்டுச்சு. அப்பறம் சோத்துக் கையோட அவர் மணிக்கட்டைப் பிடிச்சுக்கிச்சு.

"ரொம்பப் பசிப்பா. எங்கப்பா கொண்டு வருவார்னு நேத்துல இருந்து எல்லார்கிட்டயும் சொல்லிட்டே நடந்தேன். உள்ளுக்குள்ள ஒரே பயம். வந்துட்டீங்கப்பா."

சென்னியப்பன் கண்ணுல பொலபொலன்னு தண்ணி. "யோவ், அங்கிட்டுத் திரும்பி அழுவும்! உப்பெல்லாம் நான் சரியாப் போட்டிருக்கேன்" அப்படின்னு கத்தினேன். பந்தி பூராவும் சிரிச்சுது. என் கண்ணை நான் தோள் துண்டுல தொடைச்சதை யாரும் பார்க்கலை.

கூட்டம் நடையைக் கட்டினதுக்கப்பறம், அவர் போய் வண்டியில சாவியைப் போட்டுப் பார்த்தார். அடுத்த பங்க் வரைக்கும் போக டீசல் இருந்துச்சு. கொஞ்ச நேரம் முள்ளையே பார்த்துட்டு, அம்மாகிட்ட வந்து நின்னார்.

"அம்மா, எனக்கு ஒண்ணும் புரியலீங்க. இன்னைக்கு நான் மிதிக்கலை, முந்தலை, ஒருத்தனையும் வெரட்டலை. அண்டா வந்துச்சு, எம் புள்ளை சாப்பிட்டுச்சு. யோசிச்சுப் பார்த்தா நான் ஒண்ணுமே பண்ணலீங்களேம்மா?"

அம்மா எச்சில் இலையை மடிச்சுக்கிட்டே நிமிர்ந்து பார்த்தாங்க.

"இத்தனை நாளா உங்களை அதைத்தானுங்கண்ணா பண்ணச் சொல்லிட்டு இருந்தேன்."