கைவிடாத கேமரா

ரெஜினாவிடம் ஒளிப்பதிவு கற்க வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே ஒன்றைத் தெரிந்துகொள்வார்கள். எந்தக் கேமரா நல்ல கேமரா என்று அவரிடம் கேட்கக் கூடாது. கேட்டால், "எந்தக் கரண்டி நல்ல கரண்டி?" என்பார். பேச்சு அதோடு நின்றுவிடும்.

பூமயிலுக்கும் அது தெரியும். தெரிந்தும் ஒரு பிற்பகலில் அவருடைய சாலிகிராமத்து மாடி வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேட்டாள்.

"அக்கா, எந்தக் கேமரா கைவிடாது?"

ரெஜினா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். கரண்டிப் பேச்சை எடுக்கவில்லை.

"உள்ள வா. எதுக்குக் கேக்குறே?"

பூமயில் எடுக்கப்போவது ஒரு குறும்படம். அதில் ஒரே ஆள், அவள் அம்மா சிட்டம்மாள். ஒரே காட்சி, அம்மா பேசுவது.

குவாரியில் பாறை சரிந்து அப்பா இறந்த அன்று பூமயில் மதுரை ஹாஸ்டலில் இருந்து கடைசிப் பரீட்சைகளை எழுதிக்கொண்டிருந்தாள். அவர்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவள்தான். பிள்ளை எழுதி முடிக்கட்டும் என்று அம்மா யாரையும் சொல்ல விடவில்லை. பரீட்சை எல்லாம் முடிந்து பெட்டியோடு அவள் ஊரில் இறங்கியபோது, அப்பாவைப் புதைத்த இடத்தில் மண் காய்ந்திருந்தது.

அன்று காலை என்ன நடந்தது என்று அம்மா இன்றுவரை வாய் திறக்கவில்லை. மகள் படம் எடுக்கிறேன் என்றதும் வெகுநேரம் யோசித்துவிட்டுச் சம்மதித்தாள்.

"ஒரே தடவைதான் சொல்லுவேன். சரியா விழலைன்னு திருப்பிக் கேக்கக் கூடாது, ஆமா."

அதிலிருந்து பூமயிலுக்குச் சோறு இறங்கவில்லை.

"ஃபிலிம்ல எடுக்கலாம்னு நெனச்சேங்கா. ஷூட்டிங்ல மிஞ்சின ரீல் ஒருத்தர் சும்மாவே தர்றேன்னாரு. ஆனா பத்து நிமிஷத்துல ரீல் முடிஞ்சிடும். அம்மா பாதியில இருக்கும்போது ரீல் மாத்தினா, அப்படியே நிறுத்திடும்."

"சரி."

"ஃபிலிமைக் கழுவப் போன இடத்துல வெளிச்சம் பட்டுட்டா? ஒண்ணுமே இல்லாம வந்தா?"

"வாடகைக்கு டிஜிட்டல் எடு."

"மெமரி கார்டு அழிஞ்சுட்டா? எங்க ஊர்ல கல்யாண வீடியோ எடுக்குற அண்ணனுக்கு அப்படி ஆயிருக்கு. தாலி கட்டுறதே இல்லை."

"அப்புறம் என்ன பண்ணாரு?"

"மாப்பிள்ளையை மறுபடி கட்டச் சொல்லி எடுத்தாரு."

ரெஜினா வாய்விட்டுச் சிரித்தார். பூமயில் சிரிக்கவில்லை.

"எங்கம்மாவை மறுபடி சொல்லச் சொல்ல முடியாதுக்கா."

ரெஜினா சிரிப்பை நிறுத்தினார். "போன்ல எடுத்தா?"

"சூடாகி நின்னுடும். இல்ல, யாராவது கூப்பிடுவாங்க."

"மூணையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு எடு."

"அதையும் யோசிச்சேன். மூணும் சேர்ந்து போச்சுன்னா?"

"அப்ப வீட்டு மேல இடி விழுந்துச்சுன்னு அர்த்தம்டி."

பூமயில் துப்பட்டா நுனியை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கினாள். விரல் நுனி வெளுத்தது. ரெஜினா கத்தியைக் கீழே வைத்தார்.

"சொல்றேன். அதுக்கு முன்னாடி, எப்படி எடுக்கப் போறேன்னு காட்டு. இந்த ஹால்தான் உங்க வீடு. நான்தான் உங்கம்மா. நடத்து."

பூமயில் வேலையில் இறங்கினாள். ஜன்னல் வெளிச்சம் ஒரு கன்னத்தில் மட்டும் விழும்படி மடக்கு நாற்காலியைப் போட்டு ரெஜினாவை உட்காரவைத்தாள். ரெஜினாவின் கேமராவை ஸ்டாண்டில் ஏற்றினாள். சேலை மடிப்புக்குள் மைக்கை ஒளித்துவைத்தாள். லென்ஸிலிருந்து கண்வரைக்கும் டேப் பிடித்து அளந்தாள். டேப் நுனி ரெஜினாவின் இமையைத் தொட்டது.

"கண்ணைக் குத்திடாதே. உங்கம்மாவுக்கு ரெண்டும் வேணும்."

ஃபோகஸ் சரியாக இருந்தது. ஒன்றுக்கு மூன்று முறை பார்த்தாள். பேட்டரியில் சார்ஜ் நிறைய இருந்தது. வேறொரு பேட்டரியைப் பக்கத்தில் எடுத்து வைத்தாள்.

"நீ எங்க இருப்பே?"

"ஓடவிட்டுட்டு நான் அந்தப் பக்கம் போயிடுவேங்கா. மானிட்டரை அங்க வெச்சுப் பார்த்துப்பேன். கதவைச் சாத்திடுவேன். நான் இங்க இருந்தா ஏதாவது சத்தம் வந்து கெட்டுப்போயிடும்."

"சரி, போ."

பூமயில் பொத்தானை அழுத்திவிட்டுச் சமையலறைக்குள் போனாள். கதவைச் சாத்தினாள். மானிட்டர் வயர் கதவிடுக்கில் நசுங்காமல் பார்த்துக்கொண்டாள். மேடையில் சின்ன மானிட்டரை வைத்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

திரையில் ரெஜினா மடியில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். சிவப்புப் புள்ளி எரிந்தது. படம் துல்லியமாக இருந்தது. ஒலியும் சரியாக வந்தது. எதுவும் கெடவில்லை.

ரெஜினா கேமராவைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். மூடிய கதவைப் பார்த்தார். வாய் திறந்தார். மூடிக்கொண்டார். மறுபடி கதவைப் பார்த்தார்.

பூமயில் உள்ளேயிருந்தே குரல் கொடுத்தாள். "லென்ஸைப் பாருங்கக்கா."

ஹெட்போனில் ரெஜினாவின் குரல் காதுக்குள்ளேயே கேட்டது.

"பார்த்தேன். அதுல என் மூஞ்சிதான் தெரியுது."

பூமயில் ஹெட்போனைக் கழற்றினாள். தாழ்ப்பாளில் கை வைத்தாள். பிறகு கதவைத் திறந்து ஹாலுக்கு வந்தாள். கேமரா இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதை நிறுத்தவில்லை.

"அம்மா அதைச் சொல்லும்போது நான் எப்படிக்கா அங்க இருக்கிறது?"

ரெஜினா சேலை மடிப்பிலிருந்த மைக்கைக் கழற்றினார்.

"அப்ப எந்தக் கேமராக்கா?" என்றாள் பூமயில், தரையைப் பார்த்தபடி.

"உங்க வீட்டுல நாற்காலி எத்தனை?"

"ஒண்ணுதான்."

ரெஜினா எழுந்தார். தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை மடக்கி அவள் கையில் கொடுத்தார்.

"இதை அம்மாவுக்கு எதிர்ல போடு. எந்தக் கேமரா கிடைச்சாலும் இதுக்குப் பக்கத்துல வை."