மூக்காயி மூச்சு வாங்கிய இடங்கள்

நாணல்குளத்தின் கரையில் மூக்காயி என்றொரு மந்தி இருந்தாள். ஒரு காலத்தில் கிளைக்குக் கிளை தாவுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. இப்போது முட்டி இரண்டும் மடங்க மறுத்தன. அதை அவள் ஒருவரிடமும் சொன்னதில்லை. கேட்டால், "மரமேறி அலுத்துப்போச்சு, கொஞ்ச நாள் தரையில இருக்கலாம்னு பார்க்கிறேன்" என்பாள்.

தரையில் அவளுக்குத் துணை இரண்டு பேர். பார்வை போன கிழட்டு முயல் செவியன் ஒருவன். நாலு அடி வைத்தால் மூச்சிரைக்கும் கிழட்டுக் கீரி மற்றவன். மூவரும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டே ஒன்றாக இருந்தார்கள்.

போன மழையில் குளம் பொங்கியபோது, மேட்டுக்கு ஏற முடியாத ஒரு வயதான மரநாய் தண்ணீரோடு போய்விட்டது. அதனால் இந்த வருடம் காட்டுக் கூட்டம் கூடி, வயதானவர்களுக்கு வெள்ளம் எட்டாத வீடு ஒன்று கட்டுவதென்று முடிவு செய்தது. வீடு அமையாவிட்டால் மூக்காயியை அவள் மகன் கடுவன் மலைக்கு அப்பால் அழைத்துப் போய்விடுவான். முயலையும் கீரியையும் யார் அழைத்துப் போவார்கள்? 

பொறுப்பு மரங்கொத்தி கொண்டையனிடம் போனது. அவன் குடைந்த பொந்துக்குக் காட்டில் தனி மதிப்பு. பட்டுப்போன மருதமரத்தின் உச்சியில் மூன்று பொந்துகள் குடைந்தான். உள்ளே ஒரு சிராய் கிடையாது, அத்தனை நேர்த்தி.

"எப்படி இருக்கு? வெள்ளம் இங்க எட்டிப் பார்க்குமா?" என்று கேட்டான் கொண்டையன்.

"பிரமாதம்" என்றான் செவியன். அவனுக்கு மரமே தெரியவில்லை. கீரியும் தலையாட்டினான். பிறகு எல்லோரும் மூக்காயியைப் பார்த்தார்கள். மந்தி அல்லவா!

மூக்காயி வீம்புக்கு ஏறினாள். பாதி மரத்தில் முட்டி கைவிட்டது. சறுக்கிக்கொண்டே வந்து அடிமரத்தில் விழுந்தாள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலே தேவலை என்றிருந்தது அவளுக்கு.

"நான் படுக்கிற உயரத்துலதானே வச்சேன்" என்றான் கொண்டையன், உண்மையிலேயே புரியாமல்.

"போதும் ஆத்தா. மழைக்கு முன்னாடி என்னோட கிளம்பிடு" என்றான் கடுவன்.

அப்போது சடைச்சி என்ற முள்ளம்பன்றி முன்னால் வந்தாள். பேச்சு குறைவு, மண் வேலையில் கெட்டிக்காரி. "எனக்குப் பத்து நாள் கொடுங்க" என்றாள்.

ஆனால் முதல் நான்கு நாள் அவள் ஒரு பிடி மண்ணைக்கூடத் தோண்டவில்லை. காலையில் குளத்துக்குப் போகும் மூக்காயியின் பின்னாலேயே நடந்தாள்.

"என்னடி, என் வாலைப் பிடிச்சுக்கிட்டே அலையற? வேலை இல்லையா?"

"இதுதான் வேலைக்கா."

மூக்காயிக்குக் கால் வலித்தால் பூவைப் பார்ப்பதுபோல நிற்கும் பழக்கம். அவள் நின்ற இடத்திலெல்லாம் சடைச்சி ஒரு கல்லை வைத்தாள்.

"எதுக்குடி கல்லு?"

"நீங்க பூ பார்த்த இடம்."

அந்த இடத்தில் பூவே இல்லை. சடைச்சிக்கும் அது தெரிந்திருந்தது. ஆனாலும் அவள் வேறு வார்த்தை பேசவில்லை, ஊரைக் கூட்டிச் சொல்லவும் இல்லை. மூக்காயிக்குக் கண் கலங்கிவிட்டது. "ஏறும்போதுகூடப் பரவாயில்லடி. இறங்கும்போதுதான் உயிர் போகுது" என்றாள். இத்தனை வருடத்தில் அதை அவள் வாய்விட்டுச் சொன்னது அன்றுதான்.

அடுத்து சடைச்சி கண்ணை இறுக மூடிக்கொண்டு செவியனின் வழியில் நடந்தாள். இரண்டு முறை மரத்தில் முட்டினாள், ஒரு முறை சேற்றில் விழுந்தாள். அதன் பிறகுதான் தோண்ட ஆரம்பித்தாள்.

உயிருள்ள ஒரு மரத்தையும் அவள் தொடவில்லை. கரைமேட்டில் கறையான்கள் விட்டுப்போன பெரிய புற்று ஒன்று இருந்தது. வெயிலிலும் உள்ளே குளுகுளுவென்றிருக்கும். அதற்குள்ளே பக்கத்துப் பக்கத்தில் மூன்று அறைகள் எடுத்தாள். ஒருவர் இருமினால் மற்ற இருவருக்கும் கேட்கும். "கீரிக்குக் காத்து பத்தாது. உங்க மூக்குதான் வேணும்ணே" என்று கொண்டையனைக் கூப்பிட்டாள். அவனும் முறுக்கிக்கொள்ளாமல் வந்து, சாரல் நுழையாதபடி சாய்வாகத் துளைகள் போட்டுக் கொடுத்தான்.

தோண்டிய மண் அத்தனையும் மேட்டிலிருந்து கீழே வரை மெல்லச் சரியும் பாதையானது. நடுவில் மணல், இரு ஓரமும் கூழாங்கல். கல் காலில் பட்டால் வழி விலகியது செவியனுக்குத் தெரிந்துவிடும். மூக்காயி எத்தனை அடிக்கு ஒருமுறை நின்றாளோ, அத்தனை அடிக்கு ஒரு சமதளம், உட்கார ஒரு கல். அவள் போய்ப் போய் ஒவ்வொரு கல்லிலும் உட்கார்ந்து பார்த்தாள். முட்டிக்கு இதமான உயரம். எப்படித்தான் கண்டுபிடித்தாளோ மகராசி என்று வியந்துபோனாள்.

கடுவனுக்கு மட்டும் சிரிப்பு. "நாலு தாவுல ஏறுற மேட்டுக்கு இவ்வளவு சுத்துப் பாதையா?"

பத்தாம் நாள் பட்டப்பகலில் வானம் இருண்டது. பேய் மழை. குளம் பொங்கிக் கரையேறியது. மலைக்குக் கிளம்பக் காத்திருந்த கடுவனின் கூட்டம் தங்கிய குளக்கரைப் புளியமரம் வேரோடு சாய்ந்தது. குட்டிகளை அணைத்தபடி எல்லோரும் மேட்டுக்கு ஓடி வந்தார்கள். கடுவன் ஒரு கையில் குட்டியோடு தாவினான். ஈரமண் வழுக்கிக் கீழே தள்ளியது. மறுபடி தாவினான், மறுபடி வழுக்கியது. வெள்ளம் இடுப்புக்கு வந்துவிட்டது. எதிரே இருப்பது தெரியாத மழை.

"தாவாதடா! பாதைக்கு வா!" என்று புற்று வீட்டின் வாசலிலிருந்து கத்தினாள் மூக்காயி.

"பாதை எங்க இருக்குன்னே தெரியலியே, ஆத்தா!"

"எனக்குத் தெரியுமே" என்றான் செவியன். அவனுக்கு மழையும் வெயிலும் ஒன்றுதான். மணலைக் காலால் தொட்டுத் தொட்டுக் கீழே இறங்கினான். "என் குரல் பின்னாடியே வாங்க. கல்லு குத்தினா நடுவுக்கு வாங்க."

கண் தெரியாத முயல் முன்னே நடக்க, கண் தெரிந்த அத்தனை பேரும் பின்னே ஏறினார்கள். ஒரு குட்டியும் தவறவில்லை. மூன்றாவது கல்லில் கடுவன் குட்டியோடு பொத்தென்று உட்கார்ந்தான்.

"இந்தக் கல்லை வச்சவ நல்லா இருக்கணும்" என்றான் மூச்சு வாங்கியபடி.

மேலே வந்ததும் அம்மாவின் முன்னால் தலை குனிந்து நின்றான். மலைக்குப் போகும் பேச்சையே அவன் எடுக்கவில்லை. "ஆத்தா, மழை விடுற வரைக்கும் நாங்களும் இங்க இருந்துக்கலாமா?" என்றுதான் கேட்டான்.

"சடைச்சிகிட்ட கேளு" என்று பேரனை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள் மூக்காயி.

தள்ளாடி நடப்பவரை மனதில் வைத்துப் போட்ட பாதை, தாவி ஓடுபவரையும் ஒருநாள் கரை சேர்க்கும்.