கொய்யா மரத்து அணிலும் கிழங்குப் பாத்தியும்

மலையடிக் காட்டில், ஒரு குட்டையின் ஓரமாக, தவமணி என்ற முயல் தோட்டம் போட்டிருந்தது. ஒரு பாத்தி தக்காளி, ஒரு பாத்தி அவரை, மீதி இடமெல்லாம் சர்க்கரைவள்ளிக் கொடி. நடுவில் ஒரு கொய்யா மரம்.

கிழங்குதான் தவமணிக்கு உயிர். அடைமழைக் காலத்தில் குட்டை பெருகிப் புல்வெளியெல்லாம் மூழ்கிவிடும். போன வருஷம் அதன் நான்கு குட்டிகளும் மூன்று நாள் பட்டினி கிடந்தன. கடைக்குட்டி எழுந்து நிற்கவே பத்து நாள் ஆயிற்று.

"இந்த வருஷம் வளை நிறையக் கிழங்கு இருக்கணும்!" என்று சொல்லிக்கொண்டே தவமணி மண்ணைக் கிளறியது, கொடி நட்டது, சிரட்டை சிரட்டையாகத் தண்ணீர் சுமந்து ஊற்றியது.

கொய்யா மரத்தில் சொக்கி என்ற அணில் குடியிருந்தது. தவமணியின் பிராணனை வாங்குவதற்கென்றே பிறந்த அணில் அது.

ஒருநாள் காலையில் தவமணி வந்து பார்த்தால், பழுத்த தக்காளி பன்னிரண்டிலும் ஒவ்வொரு கடி!

"அடியே சொக்கி! தின்னா ஒண்ணை முழுசாத் தின்னு! எல்லாத்தையும் கடிச்சு வெச்சா என்ன அர்த்தம்?"

"கடிக்காம எது இனிக்கும்னு எப்படிக்கா தெரியும்?" என்று மேலிருந்து கேட்டது சொக்கி.

"பன்னிரண்டுல ஒண்ணுகூடவா இனிக்கலை?"

"எல்லாமே புளிப்புக்கா! அடுத்த தடவை வேற விதை போடு!"

தவமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மரத்தைச் சுற்றி முள் வெட்டிப் போட்டது. சொக்கி அந்த முள்ளின் மேலேயே உட்கார்ந்து அவரைக்காய் தின்றது. தவமணி வேப்பங்கொட்டையை அரைத்துச் செடிகளில் தெளித்தது. சொக்கி இரண்டு நாள் மூக்கைச் சுளித்தது. மூன்றாம் நாள் பழகிவிட்டது. சடசடவென்று சத்தம் போட்டு விரட்டட்டும் என்று தவமணி காய்ந்த பனையோலையைக் கட்டித் தொங்கவிட்டது. சொக்கி அதை நார் நாராகக் கிழித்துக் கூட்டுக்கு மெத்தை போட்டுக்கொண்டது.

"இதோட மல்லுக்கட்டியே என் காலம் போயிடும் போல!" என்று தவமணி தொப்பென்று உட்கார்ந்துவிட்டது.

அப்போது பக்கத்துப் புதரிலிருந்து வீரபாகு என்ற பெருச்சாளி மெதுவாக வந்தது. கொழுத்த உடம்பு. குழைவான பேச்சு.

"என்ன தங்கச்சி, முகம் வாடியிருக்கு? அந்த அணிலா?"

"ஆமாண்ணே! தாங்க முடியலை!"

"எப்படித் தாங்கும்? பாடுபடுறது நீ, தின்னுட்டுத் திரியறது அதுவா? அணில் கூட்டமே இப்படித்தான் தங்கச்சி! எனக்கே வயிறு எரியுது!"

தவமணிக்குக் கண் கலங்கியது. தன் பக்கம் பேச ஒரு ஆளாவது இருக்கிறதே!

"ஒண்ணு செய்" என்றது வீரபாகு. "நீ மரத்தடியிலேயே இரு. மேலே பார்த்த கண்ணை எடுக்காதே. கிழங்குப் பாத்தி தூரத்துல கிடக்கு, அதை நான் பார்த்துக்கறேன்."

அன்றிலிருந்து தவமணி மரத்தடியில் அண்ணாந்தபடி நின்றது. கழுத்து வலித்தது. தினமும் சாயங்காலம் வீரபாகு வரும். இரண்டு பேரும் சேர்ந்து அணிலைத் திட்டுவார்கள். திட்டி முடித்தால் தவமணிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

ஒருநாள் சொக்கி கிளையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு கத்தியது. "அக்கா! உன் கிழங்குக் கொடியெல்லாம் வாடுது! போய்ப் பாரு!"

"பேச்சை மாத்தாதே திருட்டுக் கழுதை! நான் அந்தப் பக்கம் போனதும் நீ அவரையில இறங்கவா?"

"சத்தியமாச் சொல்றேன்க்கா!"

"உன் சத்தியம் எனக்குத் தெரியும் போ!"

ஆனாலும் மனசு கேட்காமல் அன்று சாயங்காலம் வீரபாகுவிடம் விசாரித்தது. "வெயில் தங்கச்சி, வேறொண்ணுமில்லை. இன்னும் நிறையத் தண்ணி ஊத்து. மண்ணு நல்லா இளகட்டும்" என்றது வீரபாகு. தவமணி இரட்டிப்பாகத் தண்ணீர் சுமந்தது.

மேற்கே மேகம் கூடியது. மழைக்கு இன்னும் ஓரிரு நாள்தான். அந்த நேரம் பார்த்து, சொக்கி மிச்சமிருந்த அவரைப் பிஞ்சுகளையும் உருவிவிட்டது. தவமணிக்கு வெறியே பிடித்துவிட்டது.

"மரம் இருக்கிறவரைக்கும் அது போகாது" என்றது வீரபாகு. "அடியில சுத்திப் பட்டையைக் கடிச்சு எடுத்துடு. மரம் பட்டுப்போகும். அணில் தானா ஓடும்."

தவமணி மரத்தடிக்கு ஓடிப்போய்ப் பட்டையில் பல்லை வைத்தது. ஒரு கடி. இரண்டு கடி.

சர்ரென்று இறங்கிவந்த சொக்கி முயலின் மூக்குக்கு நேராக நின்றது. "அக்கா, வேண்டாம்! என் மூணு குட்டிங்க மேலே இருக்கு. இன்னும் கண்ணே திறக்கலை. நான் தின்னது தப்புதான், ஒத்துக்கறேன். நீ போய் ஒரே ஒரு கொடியை இழுத்துப் பாரு. அடியில கிழங்கு இருந்தா, குட்டிங்களை வாயில கவ்விக்கிட்டு இன்னிக்கே போயிடறேன்!"

தவமணி பாத்திக்குப் போய் ஒரு கொடியைப் பிடித்து இழுத்தது. கொடி லேசாகக் கையோடு வந்தது. அடியில் கிழங்கு இல்லை. அடுத்த கொடி. அதிலும் இல்லை. மூன்றாவதில் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது; அதில் பெரிய பெரிய பல் தடம்.

நான்காவது கொடியை இழுத்தபோது தரை பொத்தென்று உள்வாங்கியது. தவமணி ஒரு சுரங்கத்துக்குள் போய் விழுந்தது.

எதிரே குவியலாகச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு. குவியல்மேல் சாய்ந்தபடி வீரபாகு, வாயில் ஒரு கிழங்கோடு.

வீரபாகு திருதிருவென்று விழித்தது. பிறகு வாயிலிருந்ததை அவசரமாக விழுங்கிவிட்டுச் சொன்னது: "பார்த்தியா தங்கச்சி! இந்த அணிலுங்க பூமிக்கடியிலகூட வந்துடுச்சு!"

"அண்ணே" என்றது தவமணி. "என் பிள்ளைங்க பட்டினி கிடந்தது உனக்குத் தெரியும். நான்தான் உன்கிட்டச் சொன்னேன்."

தவமணி திரும்பி நின்று பின்னங்கால் இரண்டாலும் ஓங்கி ஓர் உதை விட்டது. அப்புறம் இன்னொன்று. வீரபாகு சுரங்கத்தின் மறுமுனை வழியாக விழுந்தடித்து ஓடியது. குட்டைக்கு அந்தப் பக்கம் போய்த்தான் நின்றது.

அன்று பொழுது சாய்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. நனைந்துகொண்டே தவமணியும் குட்டிகளும் கிழங்கை வளைக்கு உருட்டின. விளைந்ததில் மூன்றில் ஒரு பங்குதான் தேறியது. அந்த மழைக்காலம் முழுவதும் அரை வயிறுதான். குட்டிகள் இளைத்தன, ஆனால் ஒன்றும் சாகவில்லை.

மழை விட்டதும் தவமணி கிழங்குப் பாத்தியைப் பாறை மேட்டுக்கு மாற்றியது. அங்கே யாரும் அடியில் தோண்ட முடியாது. கொய்யா மரத்தின் கடிபட்ட பட்டையில் மண்ணைக் குழைத்துப் பூசிக்கொண்டிருந்தபோது மேலே மூன்று குட்டி அணில்கள் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"ஒண்ணு போய் நாலாச்சா!" என்று தவமணி பல்லைக் கடித்தது. ஆனாலும் பூசுவதை நிறுத்தவில்லை.

கண்ணெதிரே சீண்டுகிறவர்மேல் கோபத்தையெல்லாம் கொட்டிக்கொண்டிருப்பவர், தம் கோபத்துக்குத் தலையாட்டுகிறவர் செய்யும் பெரிய சேதத்தைக் காணாமலே போய்விடுவார்.