இறந்தவருக்குக் கொடுத்த வாக்கு

சுடலைமுத்து மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற கையோடு தத்துவம் படிக்க வந்து சேர்ந்தவர். தத்துவத் துறையில் எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி. வாதம் என்று இறங்கிவிட்டால் மனிதர் லேசில் விடமாட்டார். எதிரில் இருப்பவர்தான் தண்ணீர் குடிக்க வேண்டும்.

அவருடைய நெறியாளர் செய்யதலி பாத்திமா வயதில் அவருக்கு இளையவர். அதிகம் பேசமாட்டார்.

அன்று ஆய்வேடு கொடுக்கக் கடைசி நாள். அண்ணாச்சி பைண்டு செய்து கொண்டு வந்துவிட்டார். நெறியாளர் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அது விழுந்துவிட்டால் இந்த வருஷப் பட்டமளிப்பு விழாவில் மகள் பூரணியோடு ஒரே மேடையில் ஏறலாம். அப்பாவும் மகளும் அங்கி மாட்டிக்கொண்டு நிற்பதைச் சொந்தக்காரர்கள் அத்தனை பேரிடமும் சொல்லி முடித்தாயிற்று. விட்டால் இன்னும் ஒரு வருஷம்.

அவர் எழுதியது இதுதான்: இறந்தவருக்குக் கொடுத்த வாக்கு யாரையும் கட்டாது. வாக்கை மீறினால் ஏமாறுவதற்கு ஒரு ஆள் வேண்டும். செத்தவர் எப்படி ஏமாறுவார்?

பாத்திமா பக்கங்களைப் புரட்டினார்.

"எதிர்த்தரப்புக்கு ஒன்றரைப் பக்கம்தானா அண்ணாச்சி? போன மாசமே சொன்னேனே."

"அவங்க பேச்சுல சரக்கு இல்ல மேடம். அதுக்கு இது போதும்."

பாத்திமா பேனாவைத் திறந்தார். அண்ணாச்சிக்கு உயிர் வந்தது.

"எனக்கு நெறியாளரா இருந்த எங்க சார் சாகுறதுக்கு முன்னால என்கிட்ட ஒரு வாக்கு வாங்கினார்" என்றார் பாத்திமா. "எதிர்த்தரப்பை முழுசாச் சொல்லாத ஆய்வேட்டுல கையெழுத்துப் போடக்கூடாதுன்னு. சரின்னு சொன்னேன். பக்கத்துல வேற யாரும் இல்ல."

பேனா முனையைக் கையெழுத்துப் போடும் இடத்துக்குக் கொண்டுபோனார்.

"நீங்க எழுதினது சரின்னா அந்த வாக்கு என்னைக் கட்டாது. போடட்டுமா அண்ணாச்சி?"

போடுங்க. ஒரே ஒரு வார்த்தை. அவர் எழுதியதெல்லாம் அந்த வார்த்தைக்குத் துணை நிற்கிறது. அண்ணாச்சி வாயைத் திறந்தார், மூடினார். பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பூரணியின் முகம் வந்து நின்றது. அட, இது என்ன பாடு! தன் மேலேயே அவருக்கு ஆத்திரமாக வந்தது.

கடைசியில் ஆய்வேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"வேண்டாம் மேடம்."

"ஏன், வாதத்துல ஓட்டை இருக்கா?"

"இப்பக்கூடத் தேடிப் பார்த்துட்டேன். ஒண்ணும் தட்டுப்படல."

"அப்புறம் என்ன?"

"தெரியல மேடம். போடுங்கன்னு சொல்ல வாய் வரல. அவ்வளவுதான்."

பாத்திமா பேனாவை மூடினார்.

"அதை எழுதுங்க அண்ணாச்சி. எதிர்த்தரப்பு அங்கேருந்துதான் ஆரம்பிக்குது."