லைன்மேன் கட்டிய கம்பி

“இந்தச் சில்லோட பிளஸ் முனையிலயும் மைனஸ் முனையிலயும் ஒரே வோல்ட்டுன்னு நீங்கதான சொன்னீங்க டீச்சர். அப்ப ரெண்டையும் சேர்த்துக் கட்டிப்போட்டா என்னங்க?”

கேட்டவர் நாச்சிமுத்து. முப்பது வருஷம் கம்பம் ஏறிய லைன்மேன். காக்கைகூட அவரிடம் உத்தரவு வாங்கித்தான் கம்பியில் உட்காரும் என்று அந்தப் பக்கத்தில் சத்தியமே செய்வார்கள். ஓய்வு பெற்றதும், மகள் வயதுள்ள சுபைதாவின் பட்டறைக்கு வந்து ஆப்-ஆம்ப் என்கிற, சின்னச் சிக்னலைப் பெருக்கும் சில்லைப் பற்றிப் படிக்க உட்கார்ந்துவிட்டார்.

மேசையில் அவர் செய்த முதல் கருவி. வயிற்றுப் பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்பதற்கு. அதை வாங்கிப்போக மலை ஆஸ்பத்திரி நர்ஸ் புளோரா வாசலில் ஜீப்போடு நின்றார். மேலே ஒருத்திக்கு வலி கண்டுவிட்டதாம்.

கருவிக்குள் அந்தக் கறுப்புச் சில்லு. இரண்டு முனைக்கும் கடுகளவு வித்தியாசம் இருந்தாலும் அதை மலையாக்கி வெளியே தள்ளும். தள்ளியதில் ஒரு பங்கு ரெசிஸ்டர் வழியாக மைனஸ் முனைக்கே திரும்பி வந்து, அதை பிளஸ்ஸுக்குச் சமமாக நிறுத்தும்.

நாச்சிமுத்து ஒரு நோட்டு முழுக்கக் கணக்குப் போட்டிருந்தார். வித்தியாசம் எப்போதும் பூஜ்யம்.

ஆனால் கம்பத்தில் லைன்மேன்களின் வழக்கம் வேறு. ஏறியதும் எல்லாக் கம்பியையும் சங்கிலியால் ஒன்றாகக் கட்டி, பூமியோடு இணைத்துவிட்டுத்தான் கை வைப்பார்கள். கட்டாத கம்பியை நம்பிய இரண்டு கூட்டாளிகளை அவர் கீழே இறக்கியிருக்கிறார், போர்வையில் சுற்றி.

அதைச் சொன்னார். உயிர் சம்பந்தப்பட்ட பெட்டி, தானாகவே சமமாக நிற்கும் என்று விட்டுவிட மனசு ஒப்பவில்லை என்றார்.

சுபைதா ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் அயர்னை அவர் பக்கம் நகர்த்தினார்.

“கட்டுங்க ஐயா.”

இரண்டு முனையையும் ஒரு துண்டுக் கம்பியால் சேர்த்துப் பற்றவைத்தார். மீட்டர் வைத்தார். பூஜ்யம். அவர் முகம் தெளிந்தது.

சிஸ்டரைக் கூப்பிடலாமா என்று கேட்டார்.

“கூப்பிடலாம். முதல்ல உங்க நெஞ்சுல வச்சுப் பாருங்க.”

கருவியின் மைக்கைச் சட்டைக்குள் விட்டார். ஸ்பீக்கரில் சத்தமில்லை.

இடம் மாற்றினார். அழுத்தினார். மூச்சைப் பிடித்தார்.

ஒன்றுமில்லை.

சுபைதா நோட்டைப் புரட்டினார். “உங்க கணக்கு சரி ஐயா. நீங்கதான் போய்ச் சேர்ந்துட்டீங்க.”

வெளியே ஜீப் ஹாரன் அடித்தது.

நாச்சிமுத்து சால்டரிங் அயர்னை எடுத்தார். ஈயத்தை உருக்கி, கட்டிய கம்பியைப் பிடுங்கி எடுத்தார். மைக்கை மறுபடி நெஞ்சில் வைத்தார்.

லொடக். லொடக்.

பட்டறை முழுக்க அவர் இதயம்.

அவசரமாக இரண்டு முனையிலும் மீட்டரை வைத்தார். ஒவ்வொரு துடிப்புக்கும் பார்த்தார். முள் அசையவில்லை. இப்போதும் பூஜ்யம்தான்.

மீட்டரை எடுக்காமலே கேட்டார்.

“யாரும் கட்டலையே டீச்சர். இதைப் பிடிச்சு நிறுத்தறது எதுங்க?”

“அந்தச் சில்லுதான் ஐயா. துளி விலகினாலும் தாங்காத ஒண்ணு. நீங்க கட்டினப்ப அதுக்கு விலகலே தெரியல,” என்றார் சுபைதா. “சிஸ்டர்கிட்ட கொண்டு போய்க் குடுங்க.”