மலையாண்டியின் கழுத்து

மூங்கில் சரிவில் மலையாண்டி என்ற கடமான் வாழ்ந்தது. அங்கிருந்த நாவல் மரத்தில் பேச்சி என்ற மந்தி குடியிருந்தது. மேலே பேச்சி மேயும்; கீழே சிந்தும் தழையை மலையாண்டி தின்னும். அப்படியே இரண்டும் உயிர்ச் சிநேகிதமாகிவிட்டன.

பனி இறங்கியதும் மலையாண்டிக்குப் பருவம் வந்தது. அப்போது ஆண்மானின் ரத்தத்தில் ஒரு சுரப்பு ஊறும். படித்தவர்கள் அதை ஹார்மோன் என்பார்கள். அது ஊறியதும் கழுத்துச் சதை உரலாட்டம் தடித்தது. நடையோ, கேட்கவே வேண்டாம்!

"மலையாண்டி, இந்தா தழை! ரெண்டு வாய் தின்னுட்டுப் போ!"

"எனக்கெதுக்குத் தீனி? என் கழுத்தைப் பார்த்தியா!" என்று கத்திக்கொண்டே அது அடுத்த ஆண்மானை முட்ட ஓடியது. பெண்மான்களின் பின்னால் அலைந்தே பனிக்காலம் போனது.

கோடை வந்தது. சுரப்பு வற்றியது. கொம்பு இரண்டும் கழன்று விழுந்தன. கழுத்து சுருங்கி, விலா எலும்பு வெளியே தெரிந்தது. பாவம், பலமெல்லாம் கொம்போடு போய்விட்டது என்று மலையாண்டி முடிவு கட்டியது. விழுந்த கொம்புகளுக்குக் காவலாகப் பக்கத்திலேயே படுத்துக்கொண்டது.

"கொம்பு திரும்ப ஒட்டட்டும். அப்புறம் சாப்பிடறேன்!"

"அடப் பைத்தியமே! ஓடையோரம் செந்நாய் திரியுது. எழுந்து ஓடக்கூட உனக்குத் தெம்பில்லையே!" பேச்சிக்கு அழுகையே வந்துவிட்டது.

ஒரு விடியலில் மலையாண்டி கண்விழித்தபோது, ஒரு முள்ளம்பன்றி கொம்பைக் கொறித்துக்கொண்டிருந்தது.

"ஐயோ, என் பலத்தைத் திங்கறியே!"

"பலமா? வெறும் எலும்புதானே அண்ணே!" என்றது முள்ளம்பன்றி, மென்றபடியே.

பேச்சி மரத்தைவிட்டுக் கீழே குதித்தது. "இந்தக் கொம்பு எதுலேருந்து முளைச்சுது? உன் உடம்புலேருந்துதானே? அதைப் பட்டினி போட்டா அடுத்த கொம்பு எப்படி வரும்?" என்று தழையை மலையாண்டியின் வாயிலேயே திணித்தது.

மலையாண்டி வெட்கத்தோடு மென்றது. பிறகு நாள் தவறாமல் மென்றது. விலா மெல்ல மறைந்தது.

செந்நாய்கள் வந்த அன்று பேச்சி மரத்திலிருந்து கத்தியது. மொட்டைத் தலையோடு மலையாண்டி ஒரே ஓட்டமாக ஓடி, ஓடையின் ஆழமான மடுவில் இறங்கி நின்றது. செந்நாய்கள் கரையிலேயே சுற்றிச் சலித்துத் திரும்பிவிட்டன.

"கொம்பில்லாமலே தப்பிச்சுட்டேன், பேச்சி!"

"தண்ணியில உன் தலையைப் பாருடா!" என்று பேச்சி சிரித்தது. அங்கே இரண்டு பிஞ்சுக் கொம்புகள் மெத்தென்று முளைத்திருந்தன.

பருவம் தரும் பலம் ஏறும், இறங்கும். இளைத்த காலத்தில் உடம்பை வெறுக்காமல் ஊட்டி வளர்ப்பவரே பிழைப்பார்.